வேலி மரத்தின் வரவு செலவு

2022இல் கேஸ் சிலிண்டருக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆட்கள் வரிசையில் காய்ந்தபோது, கொழும்பு மறந்திருந்த விறகுக்கு மறுபடி மவுசு வந்தது. மாடிவீட்டில் அடுப்பை எங்கே மூட்டுவது என்பது வேறு கதை.

விறகைப் பயிராக்கும் யோசனை இலங்கைக்குப் புதிதல்ல. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து, வேலியிலும் தேயிலைக்கு நிழலாகவும் நின்ற சீமைக்கிளுவையை (கிளிரிசீடியா) அரசாங்கம் 2005இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. மஹியங்கனையில் டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் 5 மெகாவாட் மின்நிலையம் இத்தகைய எரிபொருளை நம்பியது.

எவ்வளவு நிலம் வேண்டும்? ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டில் 80 வீத நேரம் ஓடினால் 70 இலட்சம் அலகு மின்சாரம். அலகுக்கு 1.2 கிலோ உலர்விறகு என்று வைத்தால் 8,400 தொன். ஹெக்டேயருக்கு ஆண்டில் 20 தொன் விளைந்தால் 420 ஹெக்டேயர் போதும். 10 தொன்தான் என்றால் 840. முதலீட்டாளரின் தலைவிதி இந்த ஒற்றை எண்ணில் தொங்குகிறது.

அந்த எண் பெரும்பாலும் சிறிய சோதனைப் பாத்திகளிலிருந்து வருகிறது. ஓர மரங்களுக்கு வெயில் தாராளம்; பாத்தி சிறிதானால் ஓரமே அதிகம். அந்த எடையை அப்படியே பெருக்கினால் விளைச்சல் ஊதிப்போகும். இந்தியாவில் காட்டாமணக்கு டீசல் கனவும் ஏட்டு விளைச்சலை வயல் தராததாலும் சறுக்கியது. சீமைக்கிளுவைக்கு இன்னொரு சிக்கல்: வெட்டிய அடிமரத்தில் பல கிளைகள் தழைக்கும். ஒரே தண்டின் சுற்றளவை அளந்து எடை சொல்லும் சூத்திரம் இங்கே செல்லாது. ஒவ்வொரு தளிர்த்தண்டையும் அளந்து, சிலவற்றை வெட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்க்கவேண்டும்.

திட்டத்தைக் கவிழ்க்கக்கூடிய இன்னொன்று ஈரம். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். 10 தொன் பச்சை விறகு ஏற்றிய லொறி அதில் 5 தொன் தண்ணீரைத்தான் சுமக்கிறது. உலர்ந்த நிலையில் கிலோவுக்கு 19 மெகாஜூல் தரும் மரம், பாதி ஈரத்தோடு எரிந்தால் எட்டைத்தான் தரும். தோட்டத்திலேயே காயவிட்டால் லொறிக்கூலி மிச்சம். காசு கைக்கு வரத்தான் தாமதம்.

இலையையும் கணக்கில் எடுக்கவேண்டும். அது நைதரசன் நிறைந்த பசளை, ஆட்டுக்கும் தீனி. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது அதன் மதிப்பு கூடியது. விற்றால் உடனே வரவு. மண்ணில் விட்டால் அடுத்த வெட்டுக்கு உரம். இரண்டையும் ஒரே ஏட்டில் வரவாக எழுத முடியாது.