கிராபீனின் மின்னணுப் பண்புகள்

கிராபீன் என்பது ஒரே ஓர் அணுவின் தடிமன் கொண்ட கார்பன் தாள். இதில் கார்பன் அணுக்கள் தேன்கூட்டைப் போல அறுகோண வடிவில் பிணைந்துள்ளன. அடுத்தடுத்த இரு அணுக்களுக்கு இடையிலான தொலைவு 0.142 நானோமீட்டர். இத்தகைய தாள்கள் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டால் அது கிராபைட். பென்சில் முனையில் இருப்பது அதுவே.

கே. எஸ். கிருஷ்ணனின் ஆய்வு

வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சர் சி. வி. இராமனுடன் இணைந்து இராமன் விளைவு ஆய்வில் பணியாற்றியவர். கல்கத்தாவில் இருந்தபோது கங்குலி என்பவருடன் சேர்ந்து கிராபைட் படிகங்களை ஆராய்ந்தார். மின்சாரம் தாளின் நெடுக எளிதாகவும், தாள்களுக்குச் செங்குத்தாக மிகக் கடினமாகவும் பாய்கிறது என 1939-இல் இருவரும் வெளியிட்டனர். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேசை மீது அடுக்கிய துணியை நினைத்துப் பார்க்கலாம். எறும்பு ஒரு துணியின் பரப்பில் தாராளமாக ஓடும். அடுத்த துணிக்கு இறங்குவது கடினம்.

கிராபைட்டின் கட்டற்ற எலக்ட்ரான்கள் இருபரிமாண வாயுவைப் போல நடந்துகொள்கின்றன என்றும் இவர்கள் விளக்கினர். ஒற்றைத் தாளின் ஆற்றல் பட்டைகளை 1947-இல் வாலஸ் கணக்கிட்டார். ஒற்றைத் தாளைப் பசை நாடாவால் உரித்தெடுத்து ஆராய்ந்த முடிவுகளை கைம், நோவோசெலோவ் ஆகியோர் 2004-இல் வெளியிட்டனர். 2010-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எலக்ட்ரான்களின் இயக்கம்

கார்பனின் நான்கு இணைதிறன் எலக்ட்ரான்களில் மூன்று, பக்கத்து அணுக்களுடன் உறுதியான பிணைப்பை ஏற்படுத்துகின்றன. நான்காவது எலக்ட்ரான் தாள் முழுவதும் உலவி மின்சாரத்தைக் கடத்துகிறது. இதன் ஆற்றல் உந்தத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளதால், நிறையற்ற துகளைப் போல நொடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு.

தூய சிலிக்கானில் அறை வெப்பநிலையில் எலக்ட்ரானின் இயக்க எண் சுமார் 1,400 (செ.மீ.²/வோல்ட் நொடி). அந்தரத்தில் தொங்கவிடப்பட்ட கிராபீனில் தாழ் வெப்பநிலையில் இது 2,00,000-ஐத் தாண்டியது 2008-இல் அளவிடப்பட்டது.

சிலிக்கானுக்கு மாற்றாகுமா?

கணினிச் சில்லில் டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். அது மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும், முற்றிலும் நிறுத்தவும் வேண்டும். சிலிக்கானில் இணைதிறன் பட்டைக்கும் கடத்துப் பட்டைக்கும் இடையே 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி உள்ளதால் நிறுத்த முடிகிறது. கிராபீனில் இவ்விரு பட்டைகளும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன, இடைவெளி சுழி. எனவே கிராபீன் சுவிட்சை முழுமையாக அணைக்க முடியாது. கிராபீன் விரைவில் சிலிக்கானை நீக்கிவிடும் என்னும் செய்திகளைப் படிக்கும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இடைவெளியை உருவாக்கச் சில வழிகள் உள்ளன:

- தாளைச் சில நானோமீட்டர் அகல நாடாக்களாக நறுக்குதல். ஓரங்கள் சீராக அமையாவிட்டால் எலக்ட்ரான்களின் வேகம் தடைபடும்.
- ஈரடுக்குக் கிராபீனுக்குச் செங்குத்தாக மின்புலம் அளித்தல்.
- சிலிக்கான் கார்பைடு மீது கிராபீனை வளர்த்தல். இம்முறையில் 0.6 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கிடைத்ததாக 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது.

முழுமையாக அணைக்கத் தேவையில்லாத உயர் அதிர்வெண் பெருக்கிகளுக்கு இக்குறை பெரிய தடையன்று. 100 கிகாஹெர்ட்ஸ் கிராபீன் டிரான்சிஸ்டரை ஐபிஎம் ஆய்வாளர்கள் 2010-இல் உருவாக்கிக் காட்டினர். உணர்விகளிலும் கிராபீன் பயன்படுகிறது. அதன் எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே இருப்பதால், ஒட்டும் சில மூலக்கூறுகள்கூட மின்தடையை மாற்றிவிடும்.