பின்வாசலில் நிற்பவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரு வசனத்தைக் கேட்கிறோம், உருகிப் போகிறோம். மறுநாள் விடியற்காலை வேலைக்குக் கிளம்பும்போது அந்த வசனமும் நம்மோடு கிளம்புகிறதா? அல்லது வேதப்புத்தகத்தோடு அலமாரியிலேயே தங்கிவிடுகிறதா?

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம், 40ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், உடையற்றவர், நோயாளி, சிறைப்பட்டவர் ஆகியோரில் மிக எளியவருக்குச் செய்த உதவியைத் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்வதாய் இயேசு பெருமான் சொல்கிறார். கேட்க இனிமையான வசனம்தான். ஆனால், கடைப்பிடிக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

அந்த விலையைக் கொடுத்த ஒரு தாய் நம் பேராக்கிலேயே வாழ்ந்தார். அவர்தான் சிபில் கார்த்திகேசு. 1899இல் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியப் பெண்மணி. தாதியும் மருத்துவச்சியுமாய்ப் பணிபுரிந்த கத்தோலிக்கர். தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்து, ஈப்போவில் கணவரோடு சேர்ந்து மருத்துவத் தொண்டு செய்தார்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடித்தனர். தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு வாரிக்கொண்டு போன கொடுங்காலம் அது. சிபிலின் குடும்பம் ஈப்போவுக்கு அருகிலுள்ள பப்பான் என்னும் ஈயச்சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் நடத்திய மருந்தகத்திற்குப் பகலில் ஊர் மக்கள் வந்தார்கள். இரவிலோ, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போராடியவர்கள் காயங்களோடு பின்வாசலுக்கு வந்தார்கள்.

அகப்பட்டால் சித்திரவதை, மரணம் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் கதவைச் சாத்தவில்லை.

1943இல் அவர் கைது செய்யப்பட்டார். கெம்பித்தாய்க் காவலர்கள் அவரை வதைத்தனர். சிறுமியான அவர் மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டுவதாய் மிரட்டினர். அப்போதும் அந்தத் தாய் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நோயாளிகளைப் பார்த்தவர், பத்து காஜா சிறையில் தாமே சிறைப்பட்டவரானார். 1945இல் விடுதலை கிடைத்தது. ஆனால் முதுகெலும்பு சிதைந்து நடக்க முடியாதவராகியிருந்தார். 1947இல் ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948 ஜூனில் பிரிட்டனில் காலமானார். பின்னர் அவர் உடல் ஈப்போவுக்கே கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

"அவர் பெரிய மனுஷி, நாம் சாதாரணத் தோட்டத்து ஜனங்கள்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவரும் தொடங்கியது பின்வாசலில் நின்ற ஒரு காயப்பட்டவனிடத்தில்தானே!

நம் பின்வாசலில் நிற்பவர் யார்? பால்மரம் வெட்டிய தோட்டங்கள் பல செம்பனையாயின; சில வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மில் பலர் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டோம். லயத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக் கஞ்சி தானே வந்து சேரும். இன்று பக்கத்து வீட்டார் பெயரே நமக்குத் தெரிவதில்லை.

நம் பாட்டனார் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது அவர்தாம் அந்நியர். இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞர் அந்நியர். அவரிடம் இரண்டு வார்த்தை அன்பாய்ப் பேசுகிறோமா? சிறையிலிருந்து திரும்பிய பையனைத் திருமண வீட்டுக்கு அழைக்கிறோமா? குடிகாரர் வீட்டுப் பிள்ளை பசியாறாமல் பள்ளிக்குப் போவது தெரிந்தும், "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிடுகிறோமா?

அந்த அதிகாரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. உதவி செய்தவர்கள், "ஆண்டவரே, உம்மை எப்போது பார்த்தோம்?" என்று வியக்கிறார்கள். யாருக்குச் செய்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, கணக்கும் எழுதிவைக்கவில்லை. எதிரே நின்றவரின் துன்பம் ஒன்றே அவர்கள் கண்ணில் பட்டது.

இந்த வாரம் ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள். ஒரு தட்டுச் சோறு, ஒரு மணி நேரத் துணை, ஓர் ஆறுதல் வார்த்தை போதும். வசனம் அலமாரியிலிருந்து இறங்கி உங்களோடு நடந்துவரும்.