கேட்டது எவ்வளவு?

செக் திரும்பி வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வக்கீல் நோட்டீஸ். அது காரசாரமாக இருக்க வேண்டும், படித்ததும் எதிராளி அரண்டுபோக வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். சட்டம் அந்தக் கடிதத்தில் தேடுவது காரத்தை அல்ல, கேட்பை. டி.டி.யைக் கேட்பு வரைவோலை என்கிறோமே, அதே கேட்புதான். பேச்சுவழக்கில் கேட்பதையும் கெஞ்சுவதையும் அதட்டுவதையும் குரலை வைத்தே பிரிக்கிறோம். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு குரலைக் கவனிப்பதில்லை. எவ்வளவு கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள் என்ற இரண்டையும் அது விடாமல் பார்க்கிறது. இதைப் புரிந்துகொள்ளாததால் நியாயமாகப் பணம் வரவேண்டியவர்கள்கூட வழக்கைக் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் காலக்கணக்கு. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்புவது மட்டும் இந்தப் பிரிவின்படி குற்றமாகிவிடாது. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், செக் தொகையை எழுத்து மூலம் கேட்க வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து செக் கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால்தான் வழக்குக்கான காரணம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும். அவசரப்பட்டு 15 நாள் முடியும் முன்பே கொடுத்த புகார் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்த்துச் சொன்னது. அன்றைக்குக் குற்றமே நடந்திருக்கவில்லை என்பதே காரணம். ஆகவே இந்த நோட்டீஸ் வழக்குக்கு முன்னால் அனுப்பும் மரியாதைக் கடிதம் அல்ல, குற்றத்தின் உறுப்புகளில் ஒன்று. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கடன் பாக்கி.

இவ்வளவு கனமான கடிதத்துக்குச் சட்டம் எந்தப் படிவமும் வகுக்கவில்லை. 1999இல் சென்ட்ரல் வங்கிக்கும் சாக்சன்ஸ் ஃபார்ம்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் நோட்டீஸின் வாசகம் மிகவும் சாதுவானது. பணம் கட்ட அன்புகூர்ந்து ஏற்பாடு செய்யுங்கள், என் கட்சிக்காரர் கசப்பான நடவடிக்கைக்குப் போக நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அளவில்தான் இருந்தது. இதெல்லாம் ஒரு கேட்பா என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. போதும் என்றது உச்ச நீதிமன்றம். ராகுல் பில்டர்ஸ் வழக்கு நேர் எதிர். திரும்பிய செக் ஒரு லட்சம் ரூபாய்க்கு. நோட்டீஸ் கேட்டதோ மொத்த பில் பாக்கியான 8,72,409 ரூபாயை. செக் தொகையைத் தனியாகக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்தால் நோட்டீஸ் செல்லாமல் போயிற்று. பணிவாகக் கேட்டவர் தப்பினார், பாக்கி முழுவதையும் சேர்த்துக் கேட்டவர் தோற்றார். வட்டியும் நோட்டீஸ் செலவும் கேட்கவே கூடாது என்றும் இதற்குப் பொருளில்லை. செக் தொகை இவ்வளவு, வட்டி இவ்வளவு, செலவு இவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருந்தால் நோட்டீஸ் நிற்கும் என்பது 2000ஆம் ஆண்டிலேயே தீர்ந்த விஷயம்.

இந்தக் கறார் ஏமாற்றுக்காரனுக்குத்தானே வசதி என்ற கேள்வி நியாயமானது. தான் எழுதிய செக்கின் தொகை அவனுக்குத் தெரியாதா? ஒரு கோடி ரூபாய் செக்குக்கு நோட்டீஸில் இரண்டு கோடி என்று வந்துவிட்ட வழக்கு ஒன்று 2025இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தட்டச்சுப் பிழை என்ற விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. படிக்கும்போது மனம் ஒப்பவில்லைதான். ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். இந்தப் பிரிவில் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அதிலிருந்து தப்பச் சட்டம் விட்டுவைத்திருப்பது அந்த 15 நாள் ஒன்றைத்தான். எவ்வளவு கட்டினால் தப்பலாம் என்பதைக் கேட்பவர்தான் சொல்ல வேண்டும். ஒரு கோடி தர வேண்டியவரிடம் இரண்டு கோடி கேட்டால், அந்தக் கேட்பை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. உரிமையோடு மறுத்ததைக் குற்றமாக்க முடியாது. செக் கொடுத்த பிறகு ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டியிருந்தும், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகையையும் கேட்டால் குற்றம் ஆகாது என்று 2022இல் சொன்னதும் இதே அடிப்படையில்தான். நோட்டீஸில் தோற்றவரின் கடனும் அதோடு அழிந்துவிடுவதில்லை. செக்கின் மூன்று மாத ஆயுள் முடியாதிருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, திரும்பினால் புதிய நோட்டீஸ் அனுப்பலாம். 2012ஆம் ஆண்டு எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் தீர்ப்பு அதற்கு வழி விட்டது. காலவரம்புக்குள் சிவில் வழக்கும் போடலாம்.

கேட்பே கைக்கு வரவில்லை என்று சாதிப்பவர்களை என்ன செய்வது? சரியான முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால், வாங்க மறுத்தார் என்றோ கதவு பூட்டியிருக்கிறது என்றோ குறிப்போடு திரும்பினாலும் சேர்ந்ததாகவே கொள்ளலாம். மறுப்பதானால் அதை நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. 2007இல் மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி போனது: உண்மையிலேயே நோட்டீஸ் வரவில்லை என்றால், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடலாமே என்று கேட்டது. நேர்மையாளருக்கு அது போதுமான வாய்ப்பு. நோட்டீஸ் வரவில்லை என்பதையே சாக்காக வைத்திருப்பவருக்கு அதன்பின் பேச்சில்லை.

கேட்பு என்ற இதே சொல் புரோநோட்டில் வேறு வேலை செய்கிறது. சாதாரண மக்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். தாங்கள் கேட்கும்போது அசலும் வட்டியும் தருகிறேன் என்று எழுதி, ரெவென்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். நாம் இன்னும் கேட்கவே இல்லையே, கேட்ட நாளிலிருந்துதானே காலம் ஓடும் என்று கடன் கொடுத்தவர் இருந்துவிடுகிறார். உறவுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் வேறு. 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. கெடு எதுவும் குறிக்காமல் கேட்டதும் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, அதன் தேதியிலிருந்தே மூன்று ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். கேட்டால் திருப்பித் தருவதாகப் பெற்ற டெபாசிட்டுக்கு மட்டும் கேட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு. வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பணத்தைக் கேட்கும் வரை வைத்திருப்பதுதான் ஒப்பந்தம். கடனோ வாங்கிய கணமே திருப்பவேண்டிய பாக்கி. பீரோவில் கிடக்கும் புரோநோட்டை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்று ஆண்டு முடியவில்லை என்றால், வட்டியாக ஐந்நூறு ரூபாய் வந்தாலும் தாளின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி, கடன் வாங்கியவரின் கையெழுத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த வரவுத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும்.