"கடன் வேண்டுமா?" - ஓயாத போன் தொல்லை!

அடுப்பில் பால் பொங்கும் நேரம். போன் மணி அடிக்கிறது. ஓடிப்போய் எடுத்தால், "கடன் வேண்டுமா?" என்று கேட்கிறது ஒரு குரல்!

இந்தத் தொல்லைக்கு மருந்து உண்டு. 1909 என்ற எண்ணுக்குப் போன் செய்து, "விளம்பரம் வேண்டாம்" என்று பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை.

பதிவு செய்தவரை, அவர் சம்மதம் பெறாமல் விளம்பரக் கம்பெனிகள் அழைக்கக்கூடாது. இது 2018-ம் ஆண்டு விதி. மீறினால் 1909-க்கே புகார் செய்யலாம். அதற்கு இருந்த 3 நாள் கெடு, 2025-ல் 7 நாளாக உயர்த்தப்பட்டது.

ஆனால் மோசடிக்காரனுக்கு விதி ஏது? பேங்க் அதிகாரிபோல் பேசுவான். போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்பான். அதை எவரிடமும் சொல்லக்கூடாது!

ஏமாந்து பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்!