உங்களுக்குத் தெரியுமா? புதுமுகங்களின் அணி

அமெரிக்க பேஸ்பாலில் சிறந்த புதுமுக வீரர் விருது 1947-இல் தொடங்கியது. முதலில் வாங்கியவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஜாக்கி ராபின்சன். கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைத்திருந்த மேஜர் லீக்கின் கதவைத் திறந்தவர் அவர். இன்று விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது.

பின்னர் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த அதே அணி, மேஜர் லீக்கின் ஒரு பிரிவான நேஷனல் லீக்கில் 1979 முதல் தொடர்ந்து 4 ஆண்டுகளும், 1992 முதல் 5 ஆண்டுகளும் இவ்விருதைத் தட்டிச்சென்றது.

அப்படி விருது வென்ற வீரர்களில் மறக்கவே முடியாதவர் மெக்சிகோவின் கிராமத்துப் பிள்ளை ஃபெர்னாண்டோ வலென்சுவேலா. பந்து வீசுமுன் கண்களை வானத்துக்கு உயர்த்துவார். 1981-இல், 20 வயதில், முதல் 8 ஆட்டங்களிலும் வெற்றி. அவற்றில் ஐந்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை! அந்த ஆண்டு புதுமுக விருதோடு, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதும் அவருக்கே. இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றவர் வேறு எவருமில்லை.