கிராங்க் தண்டுக் கப்பி

கிராங்க் தண்டுக் கப்பி என்பது உள் எரி எஞ்சின் ஒன்றின் கிராங்க் தண்டின் முன்முனையில் பொருத்தப்படும் சக்கரம் ஆகும். கிராங்க் தண்டு தமிழில் வணரித்தண்டு எனவும் அழைக்கப்படுகிறது. வாகனப் பணிமனைகளில் இக்கப்பி கிராங்க் புல்லி என்றே பெரிதும் வழங்குகிறது. எஞ்சினின் துணைக் கருவிகளை இயக்கும் வார்ப்பட்டை, அதாவது பெல்ட், இக்கப்பியின் மீதே ஓடுகிறது. பல எஞ்சின்களில் இது கிராங்க் தண்டின் முறுக்கு அதிர்வைத் தணிக்கும் உறுப்பாகவும் அமைகிறது. பழைய கார்களில் இக்கப்பி தேய்ந்தோ, தளர்ந்தோ, அதன் ரப்பர் பகுதி சிதைந்தோ போவதுண்டு. அவ்வாறான கப்பியை மாற்றுவது எளிய வேலை போலத் தோன்றினும், பிழையாகச் செய்யப்பட்டால் கிராங்க் தண்டையே பயனற்றதாக்கிவிடக் கூடும்.

பணிகள்

கிராங்க் தண்டுக் கப்பி பொதுவாக மூன்று பணிகளைச் செய்கிறது.

1. ஆற்றல் வழங்கல்: மின்கலத்துக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், குளிர்நீரைச் சுழலச் செய்யும் நீரேற்றி, பவர் ஸ்டியரிங் எண்ணெய்ப் பம்பு, குளிர்சாதனக் கம்பிரசர் ஆகியவற்றுக்குத் தேவையான ஆற்றல் இக்கப்பியிலிருந்து வார்ப்பட்டை வழியாகச் செல்கிறது. பழைய கார்களில் ஆங்கில வி எழுத்தின் வடிவக் குறுக்குவெட்டு உடைய பட்டைகள் பயன்பட்டன. பிற்காலக் கார்களில் பல கருவிகளைச் சுற்றிச் செல்லும் ஒரே அகன்ற வரிப்பட்டை பரவலாயிற்று.

2. நேரக் குறிப்பு: பல எஞ்சின்களில் கப்பியின் விளிம்பில் ஒரு கோடோ வெட்டோ இருக்கும். எஞ்சின் உறையில் உள்ள பாகைக் குறிகளுக்கு எதிரே அது வரும் நிலையைக் கொண்டு முதலாம் உருளையின் பிஸ்டன் இருக்கும் இடம் அறியப்படுகிறது. தீப்பொறி நேரத்தைச் சரிசெய்வோர் இக்குறியையே நம்புகின்றனர். சில எஞ்சின்களில் கப்பியில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். 60 பற்களுக்கான இடத்தில் 2 பற்களை விட்டு 58 பற்கள் அமைப்பது ஒரு வழக்கமான முறையாகும். விடுபட்ட இடத்தை உணரி கண்டறிந்து, தண்டின் நிலையைக் கணினிக்குத் தெரிவிக்கிறது.

3. அதிர்வுத் தணிப்பு: இது வெளியே தெரியாத பணி. எனவே பழுது பார்ப்போரால் எளிதில் மறக்கப்படுகிறது.

முறுக்கு அதிர்வு

எஞ்சின் ஓடும்போது கிராங்க் தண்டு சீரான விசையால் சுழற்றப்படுவதில்லை. நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில் தண்டின் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஓர் உருளையில் எரிதல் நிகழ்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் என்ற வேகத்தில், தண்டு நொடிக்கு 100 முறை தள்ளப்படுகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் இது 3,60,000 தள்ளல்களாகும். ஒவ்வொரு தள்ளலிலும் தண்டு மிகச் சிறிய அளவில் முறுக்கப்பட்டு, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இரும்பால் ஆனதாயினும் தண்டு ஒரு வில்சுருள் போலவே செயல்படுகிறது.

தண்டின் பின்முனையில் கனத்த ஃபிளைவீல் இருப்பதால் அம்முனை ஏறத்தாழச் சீராகச் சுழலும். முன்முனையில் அத்தகைய கனம் இல்லாமையால் அங்கேயே முறுக்கு அதிர்வு மிகுதியாக இருக்கும். தள்ளல்களின் அதிர்வெண் தண்டின் இயல்பான அதிர்வெண்ணுடன் ஒத்துப்போகும் வேகங்களில் ஒத்ததிர்வு ஏற்பட்டு அதிர்வு பெருகும். இது தொடர்ந்தால் உலோகம் களைப்புற்று, தண்டில் வெடிப்பு தோன்றி, இறுதியில் முறிவு ஏற்படலாம். தண்டு நீளமாக உள்ள நேர்வரிசை ஆறு உருளை எஞ்சின்களில் இவ்விடர் மிகுதி.

தணிப்பானின் அமைப்பு

தணிப்பான் கொண்ட கப்பி மூன்று பகுதிகளால் ஆனது. தண்டின் மீது இறுகப் பொருந்தும் நடுக்குடம், அதைச் சூழ்ந்த ரப்பர் வளையம், அதற்கு வெளியே அமைந்த கனமான இரும்பு வளையம் என்பன அவையாகும். நடுக்குடம் தண்டுடன் சேர்ந்து அதிர, வெளிவளையம் தனது நிலைமத்தால் சீராகச் சுழல முயல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே ரப்பர் நெளிந்து, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. வெளிவளையத்தின் கனமும் ரப்பரின் கடினமும் குறிப்பிட்ட எஞ்சினின் தண்டுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டவை. ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான சிலிக்கோன் பாய்மத்தைப் பயன்படுத்தும் தணிப்பான்களும் உள்ளன. அவை பெரிய டீசல் எஞ்சின்களிலும் பந்தயக் கார்களிலும் காணப்படுகின்றன.

எல்லா எஞ்சின்களிலும் தணிப்பான் இருப்பதில்லை. சில சிறிய எஞ்சின்களில் ஒரே துண்டு இரும்பால் ஆன கப்பியே பொருத்தப்பட்டது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு உருளை எஞ்சின்கள் கார்களில் இடம்பெறத் தொடங்கியபோது, அவற்றின் தண்டுகள் சில வேகங்களில் கடுமையாக அதிர்ந்தன. சில முறிந்தும் போயின. இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேயப் பொறியாளர் பிரெடெரிக் லாங்செஸ்டர் (1868–1946). 1910 ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கிய தணிப்பானில், தண்டின் முனையில் ஒரு சிறிய துணைச் சக்கரம் சற்றே வழுக்கும் வகையில் இணைக்கப்பட்டிருந்தது. இவ்வகை அமைப்பு இன்றும் லாங்செஸ்டர் தணிப்பான் என அழைக்கப்படுகிறது.

தேய்வுக்கான காரணங்கள்

* ரப்பர் சிதைவு: எஞ்சினின் வெப்பம், கசியும் எண்ணெய், ஆண்டுகளின் முதுமை ஆகியவற்றால் ரப்பர் இறுகி வெடிக்கிறது, அல்லது ஊறி வெளியே பிதுங்குகிறது. அப்போது வெளிவளையம் நடுக்குடத்தின் மீது வழுக்கத் தொடங்கும்.
* பட்டைப் பள்ளத் தேய்வு: தளர்ந்த பட்டை வழுக்குவதாலும், தூசியும் மணலும் படிவதாலும் பள்ளத்தின் பக்கங்கள் தேயும். பக்கங்களில் பற்றி ஓட வேண்டிய வி பட்டை அப்போது பள்ளத்தின் அடியில் உரசி வழுக்கும்.
* எண்ணெய் அடைப்பான் உரசும் இடத்தின் தேய்வு: சில எஞ்சின்களில் முன்புற ஆயில் சீலின் உதடு கப்பியின் கழுத்தின் மீது உரசுகிறது. பல ஆண்டுகளில் அவ்விடத்தில் வளையமாகப் பள்ளம் விழும். புதிய சீல் பொருத்தினாலும் அதன் வழியே எண்ணெய் கசியும்.
* தளர்ந்த மரையாணி: கப்பியைத் தண்டுடன் பிணைக்கும் நடு மரையாணி, அதாவது போல்ட், போதிய அளவு இறுக்கப்படாதிருத்தல். இதுவே பெருஞ்சேதம் விளைவிப்பது.

அறிகுறிகள்

எஞ்சின் ஓடும்போது முன்புறமிருந்து பார்த்தால் கப்பி தள்ளாடுவது தெரியும். பட்டை கிறீச்சிடுதல், அடிக்கடி கழன்று விழுதல், ஓரம் பிய்தல், மின்னேற்றம் குறைதல், எஞ்சினின் முன்புறத்தில் தட்டும் ஓசை ஆகியன பிற அறிகுறிகளாகும்.

வெளிவளையம் வழுக்கியிருந்தால் அதில் உள்ள நேரக் குறியும் இடம் மாறியிருக்கும். அதை நம்பித் தீப்பொறி நேரத்தை அமைத்தால் எஞ்சின் பிழையாக இயங்கும். இதனைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையில் நடுக்குடம், ரப்பர், வெளிவளையம் ஆகிய மூன்றின் குறுக்கே வண்ணத்தால் ஒரே நேர்க்கோடு வரைய வேண்டும். சில நாட்கள் காரை ஓட்டியபின் அக்கோடு முறிந்து காணப்பட்டால், தணிப்பான் பயனற்றுப் போயிற்று எனக் கொள்ளலாம்.

மாற்றும் முறை

எஞ்சினுக்கு எஞ்சின் விவரங்கள் மாறும். எனவே அந்தந்தக் காரின் பணிமனைக் கையேடே இறுதியானது. பொதுவான வரிசை பின்வருமாறு.

1. எஞ்சின் ஆறியபின் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். காரைத் தூக்க வேண்டியிருப்பின், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்த வேண்டும்.
2. பட்டைகளைத் தளர்த்தி எடுக்க வேண்டும். இடத்தைப் பொறுத்து ரேடியேட்டரையோ விசிறியையோ அகற்ற நேரிடும்.
3. தண்டு சுழலாதவாறு பிடித்துக்கொண்டு நடு மரையாணியைக் கழற்ற வேண்டும். கப்பியைப் பிடிக்கும் தனிக் கருவியைப் பயன்படுத்தலாம். ஃபிளைவீலின் பற்களைப் பூட்டியும் வைக்கலாம். கையால் கியர் மாற்றும் காராயின் உயர் கியரில் இட்டு, உதவியாளர் ஒருவர் பிரேக்கை அழுத்தலாம். பெரும்பாலான எஞ்சின்கள் முன்புறமிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுழல்பவை. 1990களின் ஹோண்டா பி, டி வரிசை எஞ்சின்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.
4. கப்பி எளிதில் வெளிவராவிடின், நடுக்குடத்தில் உள்ள திருகுத் துளைகளில் பற்றும் புல்லர் கருவியால் இழுக்க வேண்டும். கொக்கிகளை வெளிவளையத்தில் மாட்டி இழுத்தால் ரப்பர் கிழிந்துவிடும். சுத்தியலால் அடிப்பது தண்டின் அச்சுத்திசைத் தாங்கிகளைச் சேதப்படுத்தும்.
5. தண்டின் முனை, ஆப்பு, ஆப்புப் பள்ளம், ஆயில் சீல் ஆகியவற்றைத் துடைத்து ஆய்வு செய்ய வேண்டும். ஆப்பு என்பது பணிமனைகளில் கீ எனப்படும் சிறிய இரும்புத் துண்டாகும். வேலை இவ்வளவு தூரம் வந்தபின் முன்புற ஆயில் சீலையும் புதிதாக மாற்றிவிடுவது வழக்கம்.
6. புதிய கப்பியை ஆப்புடன் பொருத்தி, உரிய கருவியால் மெல்ல உள்ளே இழுக்க வேண்டும்.
7. மரையாணியை டார்க் ரெஞ்ச் எனப்படும் அளவுச் சாவியால் கையேடு குறிப்பிடும் முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தக்கது எனக் கையேடு கூறினால் புதிய மரையாணியே இடப்பட வேண்டும்.
8. பட்டைகளை மாட்டி, எல்லாக் கப்பிகளும் ஒரே தளத்தில் உள்ளனவா எனச் சரிபார்த்தபின் எஞ்சினை இயக்கிப் பார்க்க வேண்டும்.

மரையாணியில் நீண்ட ஸ்பானரை மாட்டித் தரையிலோ சட்டத்திலோ முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கித் தளர்த்தும் வழக்கமும் உள்ளது. ஸ்பானர் நழுவிப் பறந்தால் கடுங்காயம் ஏற்படலாம் என்பதாலும், எஞ்சின் திடீரெனப் பற்றிக்கொள்ளலாம் என்பதாலும் இது தவிர்க்கத் தக்கது.

மாற்றுக் கப்பியைத் தெரிவு செய்தல்

விட்டமும் பள்ளமும் ஒத்திருப்பது மட்டும் போதாது. தணிப்பான் இருந்த இடத்தில், எடை குறைந்த அலுமினிய ஒற்றைத் துண்டுக் கப்பியைப் பொருத்தினால், எஞ்சின் விரைவாகச் சுழல்வது போலத் தோன்றலாம். ஆனால் தண்டு தன் தணிப்பை இழந்துவிடுகிறது. இதன் விளைவு உடனே தெரிவதில்லை. பழைய கப்பிகள் பல ஆண்டுகள் கிடங்கில் இருந்தவையாயின், பயன்படாமலேயே ரப்பர் இறுகியிருக்கக் கூடும். அரிய கார்களுக்குப் பழைய கப்பியிலேயே புதிய ரப்பரை ஒட்டித் தரும் பணிமனைகளும் உள்ளன. சீல் உரசிப் பள்ளமான கழுத்துக்கு மெல்லிய எஃகு உறை மாட்டுவதும் ஏற்கத்தக்க தீர்வாகும்.

எடுத்துக்காட்டு: மாஸ்டா எம்எக்ஸ்-5

நடு மரையாணியின் இறுக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதை முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் வரலாறு காட்டுகிறது. 1989 ஆம் ஆண்டில் அறிமுகமான இக்கார் வட அமெரிக்காவில் மியாட்டா எனவும் யப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் எனவும் விற்கப்பட்டது. இதன் 1.6 லீட்டர் எஞ்சினின் தொடக்ககாலத் தண்டுகளில் முன்முனை குட்டையாக அமைந்திருந்தது. டைமிங் பெல்ட்டை இயக்கும் பற்சக்கரமும் கப்பியின் குடமும் அம்முனையிலேயே ஒரே மரையாணியால் பிணைக்கப்பட்டிருந்தன.

இவ்வகைப் பிணைப்பில் சுழற்சி விசையைத் தாங்க வேண்டியது ஆப்பு அன்று. மரையாணி தரும் அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே விசையைத் தாங்குகிறது. ஆப்பு சரியான கோணத்தைக் காட்டும் வழிகாட்டி மட்டுமே. மரையாணி சிறிதளவு தளர்ந்தாலும் உராய்வு குறைந்து, ஒவ்வோர் எரிதலின் போதும் பற்சக்கரம் முன்னும் பின்னும் அசைந்து ஆப்பை அடிக்கிறது. ஆப்பும் அதன் பள்ளமும் அகலமாகின்றன. குட்டை முனையில் தொடுபரப்பு குறைவாதலால் இச்சேதம் விரைவாக நிகழ்ந்தது. பற்சக்கரம் தன் நிலையிலிருந்து பின்தங்க, வால்வுகளின் நேரம் தவறி, கார் வலுவிழந்தது. கப்பி கண்ணுக்குத் தெரியும்படி தள்ளாடியது. ஆயில் சீல் மாற்றுவது போன்ற வேலைக்காக மரையாணியைக் கழற்றி, மீண்டும் சரியாக இறுக்காத கார்களில் இவ்விடர் குறிப்பாக எழுந்தது.

1991 ஆம் ஆண்டில் நீண்ட முனையும் பெரிய மரையாணியும் கொண்ட தண்டு அறிமுகமாயிற்று. குட்டை முனைக்கு ஏறத்தாழ 110 நியூட்டன் மீட்டராக இருந்த இறுக்கம் நீண்ட முனைக்கு ஏறத்தாழ 160 நியூட்டன் மீட்டராக உயர்ந்தது. கப்பியின் நடுவே தெரியும் குடத்தின் வெட்டுகளை எண்ணி இருவகைகளையும் வேறுபடுத்துவர். நான்கு வெட்டுகள் குட்டை முனையையும் எட்டு வெட்டுகள் நீண்ட முனையையும் குறிக்கும்.

பள்ளம் சேதமுற்ற தண்டுக்கு முறையான தீர்வு தண்டையே மாற்றுவதாகும். அதற்கு எஞ்சினை வெளியே எடுத்து முழுவதும் பிரிக்க வேண்டும். சேதம் சிறிதாயின், புதிய ஆப்பையும் மரையாணியையும் இட்டு, எஞ்சிய இடைவெளியை உலோகத்தைப் பிணைக்கும் பசையால் நிரப்பி இறுக்கும் முறையைப் பல உரிமையாளர்கள் கையாண்டு வெற்றி கண்டுள்ளனர். மரையாணியை முதலிலேயே உரிய அளவுக்கு இறுக்குவதற்குச் சில நிமிடங்களே போதும்.