கடலுக்கு அஞ்சிக் கட்டிய கோட்டை

பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் வாழும் தமிழர்களுக்கு எல்லை என்றால், 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது களியக்காவிளையருகே விழுந்த கோடுதான். ஆனால் அதற்கு இருநூறாண்டுகளுக்கு முன்னர், திருவிதாங்கூரின் கிழக்கு அரண், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்து மலையிலிருந்து கடல்வரை நீண்டு கிடந்தது. அது கடலைத் தொடும் முனையில், கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சுமார் 6 கிலோமீட்டரில் நிற்பதே வட்டக்கோட்டை.

பகைவருக்கு அஞ்சி ஒருகாலத்தில் நெய்யாற்றின்கரைக் கோயிலருகே பலாமரப் பொந்தில் ஒளிந்ததாக ஐதிகம் பேசும் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா, 1741 ஆகஸ்ட் 10-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையை முறியடித்தபோது, சிறைப்பட்டவர்களில் யூஸ்டேஷியஸ் டி லன்னாய் என்பவரும் ஒருவர். தோற்ற பக்ஷத்தவரையே குருவாகக் கொள்ளும் விவேகம் எல்லா அரசர்க்கும் வாய்ப்பதன்று. மகாராஜா அவரைத் தம் சேவகத்தில் அமர்த்தி, ஐரோப்பிய முறையில் சேனையைப் பயிற்றுவித்து, கோட்டைகளைப் புதுப்பிக்கும் பொறுப்பையும் ஒப்புவித்தார். ‘வலிய கப்பித்தான்’ என்று ஜனங்களால் அழைக்கப்பட்ட அவரே, வட்டக்கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்தியவர்.

மூன்றரை ஏக்கர் பரப்பை வளைத்து, கைப்பிடிச் சுவரோடு 25 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் இம்மதில், முகப்பில் 29 அடி கனமும், மூலைகளில் 18 அடியும், பின்புறத்தில் வெறும் 6 அடியுமாக அமைந்திருப்பது காரணமின்றி அன்று. பீரங்கிக் குண்டு செங்குத்தான மெல்லிய சுவரைத் தகர்த்துவிடும். கனத்த சுவரோ அதன் வேகத்தை வாங்கிக்கொள்வதோடு, எதிர்ப்பீரங்கிகளை நிறுத்தும் மேடையாகவும் பயன்படும். ஆகையால்தான் பீரங்கிகளை மேலே இழுத்துச் செல்லப் படிக்கட்டுக்குப் பதிலாக அகன்ற சாய்தளம் அமைத்தார்கள்.

ஆயினும் கடல்வழிப் பகையை எண்ணிக் கட்டிய அரணுக்கு விதியின் போக்கு வேறாயிற்று. ஆங்கிலேயருக்கு எதிராகத் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி எழுப்பிய கிளர்ச்சியை அடக்க வந்து, இவ்வரணைத் தாக்கிய ஆங்கிலச் சேனை கடல்வழியே வரவில்லை; திருநெல்வேலிச் சீமையிலிருந்து தரைமார்க்கமாக வந்து, 1809 பிப்ரவரி 10-இல் ஆரல்வாய்மொழி அரணை மலைப்பக்கமாக ஏறிக் கைப்பற்றிற்று. அதன்பின் உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரக் கோட்டையும் பணிந்தன. மறுமாதமே தளவாய் மண்ணடியில் உயிர்நீத்தார். அரண் தோற்றது கடல்முனையில் அன்று, மலைமுனையில்.

எல்லைக் கிராமத்து வாசகர்கள் நாகர்கோவில் சாலையில் செல்லும்போது, வழியில் உதயகிரிக் கோட்டைக்குள் இறங்கி, 1777-இல் காலமான டி லன்னாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு வட்டக்கோட்டைக்குச் செல்வார்களாக. கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.